மூன்று பேர் உட்காரும் பெஞ்ச்

ராஜ்கோட்
2 ஜனவரி 2023

அன்புள்ள ஊர்மி,

இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீயாவது நலமாக இரு.

தம்பி தேவாங் இன்னும் கண் திறக்கவில்லை. இன்றோடு பதினொரு நாள். கோண்டல் சாலையில் லாரிக்காரன் பின்விளக்குப் போடாமல் நிறுத்தியிருந்தானாம், இவன் பைக் அதில் மோதிவிட்டது. தேவாங்கின் ஹெல்மெட் அவன் முழங்கையில் மாட்டியிருந்தது, தலையில் இல்லை. தினமும் காலை பதினொரு மணிக்கு டாக்டர் வெளியே வருகிறார். "அப்படியேதான்மா இருக்கு. மோசமாகலைங்கிறதே நல்ல சேதி" என்கிறார். அதற்குப் பிறகு மறுநாள் பதினொரு மணிவரை எங்களுக்கு வேறு வேலை இல்லை.

நீ நாலு முறை போன் செய்தாய். எடுக்கவில்லை என்று கோபப்படாதே. அம்மாவின் தோளை ஒட்டி உட்கார்ந்துகொண்டு அவனைப் பற்றி என்ன பேசுவது? பேசினால் அம்மா என் முகத்தையே பார்க்கிறாள். எழுதினால் பார்ப்பதில்லை, ஆபீஸ் வேலை என்று நினைத்துக்கொள்கிறாள். ஆகவே டிசைன் கல்லூரியில் செய்தது போல் கடிதமே போடுவோம். புராணத்தில் எதையாவது கட்டியவன் ஒருவனைப் பிடித்து, அவன் எழுதுவது போல் பக்கத்து மேஜைக்காரிக்குக் கடிதம் எழுது என்று இரண்டாம் வருஷத்தில் நம்மைப் பாடாய்ப் படுத்தினார்களே, அந்தப் பழக்கம் இதற்காவது உதவட்டும். பஸ் ஸ்டாண்ட் பார்சல் கவுண்டரில் கொடுத்தால் சாயங்காலமே அகமதாபாத் வந்துவிடுகிறது.

அம்மா ராந்தல் மாதாவுக்கு வேண்டிக்கொண்டுவிட்டாள். தேவாங் தன் காலால் நடந்து இந்த ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டும்வரை தானும் தாண்டமாட்டாளாம். அதுவரை கட்டிலில் படுக்கவும் மாட்டாளாம். முதுகில் ஆபரேஷன் செய்து தகடு வைத்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை அவளுக்கு.

"அப்ப எங்கம்மா படுப்பே?"

"பெஞ்சு இருக்கே. பெஞ்சு என்ன கட்டிலா?"

ராந்தல் மாதாவிடம் சாமர்த்தியமாகப் பேரம் முடித்துவிட்ட களை முகத்தில்.

ஆனால் அந்த பெஞ்ச்! மூன்று பேர் உட்காரும் இரும்பு பெஞ்ச். வெள்ளை பூசியது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, முதுகு சாயும் கோணத்தில் யாரோ அக்கறை காட்டியிருக்கிறார்கள். ஆனால் இருக்கைக்கு இருக்கை நடுவில் அசையாத ஒரு கைப்பிடி. உட்காரலாம், படுக்க முடியாது. தரையில் துண்டு விரித்தால் காவலாளி வந்துவிடுகிறார். அவர் விட்டாலும் தரையிலிருந்து எழுந்திருக்க அம்மாவின் முதுகு விடாது. எங்கள் ஊரைத்தான் உனக்குத் தெரியுமே, மதியம் ஒன்றிலிருந்து நான்குவரை கடைகண்ணியெல்லாம் இழுத்து மூடிவிட்டு ராஜ்கோட்டே படுத்துவிடும். இந்த வராந்தாவில் மட்டும் இருபது பேர் உட்கார்ந்தபடி தலை தொங்கிக் கிடக்கிறார்கள். அம்மா கைப்பிடிக்கு அடியில் காலை நுழைத்துப் பார்த்தாள், மேலே தூக்கிப் போட்டுப் பார்த்தாள். கடைசியில், "இதைச் செஞ்சவன் வீட்டுல யாருக்கும் ஒடம்புக்கே வந்ததில்ல போல" என்றாள்.

விசுவாமித்திரர் திரிசங்குவுக்கு அவசரமாய்க் கட்டிக்கொடுத்த சொர்க்கமும் இப்படித்தான் இருந்திருக்கும். கீழே படம் போட்டிருக்கிறேன். நான் துணிக்காரி, நீதானே நாற்காலி, மேஜைக்காரி. வந்து ஒரு மணி நேரம் இதில் உட்கார்ந்துவிட்டு, செய்தவரை என் சார்பில் நன்றாகத் திட்டிவிட்டுப் போ.

உன்
கேதகி


அகமதாபாத்
5 ஜனவரி 2023

என் கேதகிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தேவாங்கைப் பற்றி நான் எழுதுவதற்கு ஒன்றும் இல்லை. ஒன்றும் எழுதாமலும் இருக்க முடியவில்லை. எனக்கு மஞ்சள்காமாலை வந்து உங்கள் வீட்டில் மூன்று வாரம் கிடந்தேனே, அப்போது அவன் பத்தாம் வகுப்பு. தினமும் கரும்புச் சாறு வாங்கிவந்து பாதியை வழியிலேயே குடித்துவிட்டு, "இந்த ஊர் டம்ளரே இவ்ளோதான் அக்கா" என்பான்.

உன் அம்மா, என் மாசி, அந்த மூன்று வாரமும் தன் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தார். அவரிடம் என் நமஸ்காரத்தைச் சொல்.

பெஞ்ச் படம் பார்த்தேன். அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்று இருக்கிறது. காகிதத்தில் வரமாட்டேன் என்கிறது, நேரில் சொல்கிறேன். இந்த வாரம் வேலை நெருக்குகிறது, உடனே கிளம்ப முடியவில்லை. பஞ்சு வைத்துத் தைத்த மெத்தை மூன்று அனுப்பியிருக்கிறேன். இருக்கையில் ஒன்றொன்றாகப் போடு. குளிருக்கு இரும்பு சில்லிடும்.

வேறொரு செய்தி. விஸ்வகர்மா ஜயந்தி அன்று, பிப்ரவரி 3, கல்லூரியில் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நான் பேச வேண்டுமாம். "நம் புராணங்கள் வடிவமைப்பாளருக்குச் சொல்லித் தருவது என்ன?" என்பது தலைப்பு. எங்கள் கஜ்ஜர் தச்சர் வீடுகளில் அன்று உளியைத் தொடமாட்டார்கள். நான் மட்டும் வாயைத் திறக்கப்போகிறேன் என்று அப்பா கேலி செய்கிறார். உங்கள் ராந்தல் மாதாவை வைத்தே தொடங்கலாம் என்று நினைத்தேன். விஸ்வகர்மாவின் மகள். கணவன் சூரியன். அவன் வெப்பம் தாங்காமல் தன் நிழலை வீட்டில் நிறுத்திவிட்டு ஓடிவருகிறாள். தகப்பன் சூரியனையே கடைசல் சக்கரத்தில் ஏற்றி, மகள் தாங்கும் அளவுக்குத் தேய்த்துவிடுகிறான். பயன்படுத்துபவரின் தோலுக்கு ஏற்றபடி சூரியனைக்கூடக் குறைக்கலாம் என்பதல்லவா நம் தொழில்? எப்படி இருக்கிறது, சொல்.

அன்புடன்
ஊர்மி


ராஜ்கோட்
9 ஜனவரி 2023

ஊர்மி,

மெத்தை வந்தது. இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் விரல் நுழைய இடமில்லாமல் கச்சிதமாகப் பொருந்துகிறது. முன் ஓரத்தில் இரும்பு வளையும் இடத்தில் உன் தையலும் வளைகிறது. வராந்தாவே வந்து தொட்டுப் பார்த்தது. எதிர் பெஞ்சில் கணவருக்காகக் காத்திருக்கும் ஜாம்நகர் அம்மாள், "ஆர்டர் குடுத்துத் தெச்சதா? எங்களுக்கும் சொல்லேன்" என்று கேட்டாள்.

நான் உனக்கு அளவு எழுதவே இல்லை.

அதை அப்படியே வைத்துவிட்டு உன் சூரியனுக்கு வருகிறேன். கடிதத்தின் அந்தப் பகுதியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். தேப்லா ரொட்டியைச் சுருட்டிக்கொண்டே கேட்டவள் சட்டென்று நிறுத்தினாள்.

"அவ முழுசாச் சொல்லல. பொண்ணு மொதல்ல அப்பன் வீட்டுக்கு வந்து நின்னா இல்ல, அப்ப அவன் என்ன சொன்னான்? 'பொறுத்துக்கோ, புருஷன் வீட்டுக்குப் போ'ன்னான். தொரத்தி விட்டான். அவ குதிரையா மாறிக் காட்டுல திரிஞ்சா. அதுக்கப்புறம்தான் சக்கரம் கிக்கரம் எல்லாம். அத விட்டுட்டு அப்பன் பெருமைய மட்டும் பேசினா எப்பிடி?"

"ஊர்மிகிட்ட சொல்லட்டுமா?"

"சொல்லு. நல்லாச் சாப்பிடவும் சொல்லு, ஒட்டடக் குச்சி."

தம்பிக்கு நேற்று காய்ச்சல் ஏறி இறங்கியது. அம்மாவின் கணுக்கால்கள் வீங்கிவிட்டன. உட்கார்ந்தே இருக்கிறாள் அல்லவா. நர்ஸ் அம்மாவைப் பார்த்துவிட்டு, "வசுபேன், காலை நீட்டிப் படுங்க, மணிக்கணக்கா தொங்கப் போடாதீங்க" என்றாள். எங்கே என்று இவளும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

நேரில் சொல்கிறேன் என்றாய். வேண்டாம், எழுது. அளவு உனக்கு எப்படித் தெரியும்?

கேதகி


அகமதாபாத்
12 ஜனவரி 2023

கேதகி,

அது என் பெஞ்ச்.

சொல்லிவிட்டேன். இனி மற்றதைச் சொல்வது எளிது என்று நினைத்தேன், எளிதாக இல்லை.

நான் வேலை பார்க்கும் கம்பெனிக்கு இரண்டு வருஷத்துக்கு முன் அந்த ஆஸ்பத்திரியின் வேலை வந்தது. ஆராயப் போனது நான்தான். இரண்டு நாள் உங்கள் வராந்தாவில் நின்று, யார் எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள் என்று குறித்தேன். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறுவரை. நடுவே ஒன்றிலிருந்து நான்குவரை ஊரே அடைத்துவிட்டதால் நானும் விடுதிக்குப் போய்ப் படுத்தேன். ராஜ்கோட் வழக்கம் என்று சிரித்துக்கொண்டே மெத்தையில் படுத்தேன். திரும்பிவந்தபோது எல்லாரும் எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். என் அட்டவணையில் ஒருவர்கூடப் படுக்கவில்லை. உனக்கு அன்று போன்கூடச் செய்யவில்லை. வேலையாக வந்தேன், தொந்தரவு செய்யக் கூடாது என்று. உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால், வராந்தாவிலும் மதியம் படுப்பார்கள் என்று மாசி சொல்லியிருப்பார்.

இருந்தாலும் முதல் வரைபடத்தில் கைப்பிடிகளுக்குக் கீல் வைத்திருந்தேன். வேண்டும்போது மேலே மடக்கலாம். ஆஸ்பத்திரி மேனேஜர் பார்த்துவிட்டு, "மடங்குனா படுப்பாங்க மேடம். படுக்கக் கூடாதுன்னுதானே உங்களக் கூப்பிட்டோம்? ட்ரஸ்டிங்க சுத்திப் பாக்க வரும்போது தர்மசத்திரம் மாதிரி இருக்கு" என்றார். கம்பெனியில் கீலை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன். கையெழுத்தும் போட்டேன்.

அன்று நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானத்தையும் நீ கேட்க வேண்டும். அரக்கு மாளிகையைக் கட்டிய புரோசனன் இருக்கிறான், உள்ளே இருப்பவர்கள் எரிய வேண்டும் என்று தெரிந்தே கட்டியவன். இன்னொருவனும் இருக்கிறான், விதுரர் அனுப்பிய சுரங்கம் தோண்டுபவன். அவனுக்குப் பெயர்கூட இல்லை. மாளிகையைத் தடுக்க அவனால் முடியாது, அடியில் ஒரு வழி தோண்டினான். நான் அவன் என்று நினைத்துக்கொண்டேன். கைப்பிடிகளை வெல்டிங் வைக்காமல் போல்ட் போட்டு முடுக்கும்படி வரைபடத்தில் எழுதினேன். இருக்கைக்கு அடியில் கை விட்டால் ஒவ்வொரு கைப்பிடிக்கும் இரண்டு போல்ட். கழற்ற ஆறு மில்லிமீட்டர் ஆலன் கீ, வளைந்த சிறு சாவி. இந்தக் கடிதத்தோடு அதை வைத்திருக்கிறேன். நான்கு போல்ட்டைக் கழற்றினால் நடுவில் உள்ள இரண்டு கைப்பிடியும் வந்துவிடும். மாசி நீட்டிப் படுக்கலாம்.

வேலை நெருக்குகிறது என்று எழுதியது பொய். உன் முகத்தைப் பார்க்கப் பயம்.

மாசி சொன்னது சரி. நான் கதையில் அந்த இடத்தைத் தாண்டிவிட்டேன்.

ஊர்மி


ராஜ்கோட்
16 ஜனவரி 2023

ஊர்மி,

உத்தராயணப் பண்டிகையன்று மதியம் செய்தேன். காவலாளி மொட்டை மாடியில் பட்டம் பார்க்கப் போயிருந்தார். ஊர் முழுக்கக் கூச்சல், ஒலிபெருக்கி. யாரோ ஐசியு வாசலுக்கே பண்டிகைக் கூட்டு, உந்தியு, கொண்டுவந்து கொடுத்தார்கள். அம்மாவை எழுப்பி நிற்கவைத்துவிட்டு, நான் புடவையோடு தரையில் மல்லாந்து பெஞ்சுக்கு அடியில் போனேன். ஜாம்நகர் அம்மாள் யாரும் வராமல் பார்த்துக்கொண்டாள். "என்னடி பண்றே, வண்டி ரிப்பேரா?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

போல்ட் இருக்கிறது. சாவியும் பொருந்துகிறது. ஆனால் ஒவ்வொரு போல்ட்டைச் சுற்றியும் வெல்டிங் வைத்திருக்கிறார்கள், மெழுகு வழிந்த மாதிரி. இரண்டு கையாலும் திருகினேன். சாவிதான் வளைந்தது. அடுத்த பெஞ்சிலும் பார்த்தேன், அதற்கடுத்ததிலும். பதினாலு பெஞ்சும் அப்படித்தான்.

வெளியே வந்தபோது அம்மா என் முதுகில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டாள். "பரவால்ல விடு. பொறுத்துக்கறேன்" என்றாள். அந்த வார்த்தையை அவள் சொன்னது எனக்கு எப்படி இருந்தது என்று நான் எழுதப்போவதில்லை.

உன்மேல் கோபப்பட எனக்கு இப்போது தெம்பில்லை. ஆனால் உன் சுரங்கக்காரனைப் பற்றி ஒன்று. பாண்டவர்கள் தப்பித்தார்கள், சரி. விதுரர் யாருக்கும் புரியாத பாஷையில் தருமனுக்கு மட்டும் சொல்லிவைத்ததால் தப்பித்தார்கள். அன்று அங்கே விருந்து சாப்பிட வந்து, களைத்துப் படுத்துத் தூங்கிய ஒரு வேடுவப் பெண்ணும் அவளுடைய ஐந்து பிள்ளைகளும் என்ன ஆனார்கள்? அவர்களிடம் யாரும் எந்த பாஷையிலும் சொல்லவில்லை. காலையில் ஆறு கரிக்கட்டைகளைப் பார்த்து ஊரே அழுதது, வேறு ஆட்கள் என்று நினைத்து. போல்ட் சுழன்றே இருந்தாலும், நான் உன் சிநேகிதி என்பதால் என் அம்மா படுத்திருப்பாள். ஜாம்நகர் அம்மாளுக்கு யார் சாவி அனுப்பியிருப்பார்கள்?

தேவாங்கின் இடது கை விரல் நேற்று அசைந்தது என்கிறார்கள். எனக்குக் காட்டவில்லை.

கேதகி


அகமதாபாத்
21 ஜனவரி 2023

கேதகி,

அந்த ஆறு பேரை நான் நினைத்ததே இல்லை. எத்தனை முறை படித்த கதை.

பட்டறைக்குப் போனேன். ஃபோர்மன் ஜிதுபாய் வரைபடத்தை எடுத்துக் காட்டினார். போல்ட் என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. "எழுதியிருந்தீங்க, நாங்களும் போல்ட்டுதான் போட்டோம். பொது இடம் மேடம், எவனாச்சும் கழட்டிட்டுப் போயிட்டா உங்க பேர்தானே கெடும்? அதான் மேல ஒரு டாக் வெல்டிங் அடிச்சு விட்டேன். உங்க நல்லதுக்குத்தான்." உண்மையாகவே என் நல்லதுக்குத்தான் செய்திருக்கிறார். டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன்.

பிறகு எங்கள் முதலாளியிடம் போனேன். கைப்பிடி இல்லாமல் ஒரே ஒரு பெஞ்ச் செய்து அனுப்பலாமா, என் செலவில், என்று கேட்டேன். "ஒண்ணு போனா மீதி பதிமூணு பெஞ்ச்காரங்களும் கேப்பாங்க. நீங்க இவ்ளோ நல்லா பண்ணின டிசைன நீங்களே கெடுப்பீங்களா?" என்றார். மற்ற ஊர்களில் உள்ள அந்த ட்ரஸ்டின் ஆஸ்பத்திரிகளுக்கும் இதே பெஞ்ச் போகிறதாம். என்னை வாழ்த்தினார்.

கடைசியில் ஆஸ்பத்திரி மேனேஜருக்கே போன் போட்டேன். கெட்ட மனிதர் இல்லை, கேதகி. பதறிப்போய்விட்டார். "முதல்லயே சொல்லக் கூடாதா? பேஷன்ட் பேரைச் சொல்லுங்க, அந்தம்மாவுக்கு மேல ஒரு ரூம்ல கட்டில் போட்டுத் தர்றேன்" என்றார். கட்டில்! அவரிடம் ராந்தல் மாதாவைப் பற்றி எப்படிச் சொல்வது? "கட்டில் வேண்டாம், பெஞ்ச்தான் வேணும்" என்றேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

நான் கோடு போட்ட பொருள் அது. அதில் ஒரு போல்ட்டைத் தளர்த்த எனக்கு உரிமை இல்லை. ஒரு பொருள் கையை விட்டுப் போய்விட்டால் அதைச் செய்தவள் வெறும் வேடிக்கை பார்ப்பவள் என்று நம் ஆசிரியர்கள் யாரும் சொல்லித் தரவில்லை. மயன் சபையைக் கட்டிவிட்டுப் போய்விட்டான். தரை என்று நினைத்துத் தண்ணீரில் ஒருவன் விழுந்ததும், மற்றவர்கள் சிரித்ததும், அதற்குப் பிறகு நடந்ததும் அவனுக்கு யாராவது கடிதம் போட்டிருப்பார்களா?

நான் வரட்டுமா? மாசியின் காலைப் பிடித்துவிடவாவது வரட்டுமா? ஒரு வரி எழுது.

ஊர்மி


ராஜ்கோட்
28 ஜனவரி 2023

ஊர்மி,

இருபத்தைந்தாம் தேதி மதியம் இரண்டரை மணிக்கு அம்மா உட்கார்ந்தபடியே தூங்கிச் சரிந்துவிட்டாள். நான் கீழே மருந்து வாங்கப் போயிருந்தேன். கைப்பிடியில் இடுப்பு இடித்துத் தரையில் விழுந்திருக்கிறாள். ஜாம்நகர் அம்மாளால் ஒண்டியாகத் தூக்க முடியவில்லை. நான் வந்தபோது அம்மா கண்ணை விழித்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தாள். "நீட்டிப் படுத்துட்டேன் பாரு" என்று சிரிக்கப் பார்த்தாள். முதுகில் வைத்த தகடு நகர்ந்துவிட்டது.

இரண்டாம் மாடிக்குத் தூக்கிப் போனார்கள். கட்டிலில் போடும்போது அவள் கத்தியதை இப்போது எழுத முடியவில்லை. வலியில் கத்துகிறாள் என்று ஊசி போட்டார்கள். "கட்டில் வேணாம், கட்டில் வேணாம், எம்புள்ள" என்றுதான் அவள் சொன்னாள். என்னையும் அவளையும் தவிர அங்கே யாருக்கும் அது விளங்கவில்லை. நான்தான் அவள் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன், ஊசி போட வசதியாக.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு தேவாங் கண் திறந்தான்.

ஐசியு நர்ஸ் மாடிப்படியில் ஓடிவந்து என்னைக் கூட்டிப்போனாள். முப்பத்தைந்து நாளுக்குப் பிறகு அந்தக் கண்ணைப் பார்த்தேன். என்னைத் தெரிந்தது அவனுக்கு. உதட்டில் காதை வைத்தேன்.

"அம்மா எங்க?"

"வெளியதான்டா இருக்கா. ஒன் கதவுகிட்டயே."

"வரச் சொல்லு."

அம்மாவை அசைக்கக் கூடாது என்று மேலே டாக்டர் சொல்லிவிட்டார். அவனைக் கொண்டுபோக முடியாது என்று கீழே சொன்னார்கள். நான் அந்த மாடிப்படியில் ஐந்து முறை ஏறி இறங்கினேன். ஊசி மயக்கத்தில் அம்மா கண்ணே திறக்கவில்லை. கடைசியாக நான் கீழே வந்தபோது, "தூங்கிட்டார், தூங்கட்டும்" என்றார்கள். நாற்பது நிமிஷம் விழித்திருந்தானாம். அதற்குப் பிறகு விழிக்கவில்லை. மூளையில் மறுபடி வீக்கம் என்கிறார்கள்.

வரட்டுமா என்று கேட்டிருந்தாய். வராதே. இங்கே உனக்கு எங்கே உட்கார இடம் தருவது என்று எனக்குத் தெரியவில்லை.

கேதகி


அகமதாபாத்
3 பிப்ரவரி 2023

கேதகி,

வராதே என்று நீ எழுதிய பிறகும் நேற்று ராஜ்கோட் பஸ்ஸில் ஏறினேன். முக்கால் வழி, சோட்டிலாவரை வந்தேன். அங்கே பஸ் டீக்கு நின்றபோது இறங்கி, எதிர்ப்பக்கம் போய் நின்று, திரும்பும் பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். உன் சொல்லை மதித்தேன் என்று எழுதிக்கொள்ளலாம். அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும்.

இன்று பேசினேன். பேசாமல் இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். பிறகு, பேசாமல் இருப்பதும் இன்னொரு தப்பித்தல்தானே என்று தோன்றியது. வேலையை விட்டுவிட்டேன் என்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்லவில்லை, உனக்கும் அது ஒரு பொருட்டாக இருக்காது. விட்டதால் ஒரு பெஞ்சும் மாறவில்லை.

சூரியனைத் தேய்த்த கதையை மாசி சொன்ன மாதிரியே சொன்னேன். முதலில் தகப்பன் மகளைத் திருப்பி அனுப்பினான் என்றேன். சூரியனின் குறை என்னவென்று மகளின் தோலுக்குத் தெரிந்திருந்தது, கேட்கத் தகப்பனுக்குக் காதில்லை என்றேன். தேய்த்தபோது விழுந்த தூளில் சக்கரமும் சூலமும் வேலும் செய்தான் என்பதையும் சொன்னேன். மகளுக்காகச் செய்த வேலையின் மிச்சமும் கடைசியில் ஆயுதமாகத்தான் போனது. பிறகு என் பெஞ்சின் படத்தைத் திரையில் போட்டேன். நீ முதல் கடிதத்தில் வரைந்தது அல்ல, அதற்கு எனக்கு உரிமையில்லை. என் சொந்த வரைபடம். மதியத் தூக்கத்தைச் சொன்னேன், போல்ட்டைச் சொன்னேன். மாசியின் பெயரையும் உங்கள் ஊரையும் சொல்லவில்லை.

ஒரு பெண் எழுந்தாள். "மேடம், அந்த பெஞ்ச் இப்ப எங்க இருக்கு?"

"அங்கேயேதான்."

"அப்ப நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

"தெரியல" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

கைதட்டினார்கள், கேதகி. வெகுநேரம். கல்லூரித் துணைமுதல்வர் மைக்கைப் பிடித்து, "எவ்வளவு நேர்மை!" என்றார். சால்வை போர்த்தினார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன்.

தேவாங் எப்படி இருக்கிறான்? மாசிக்கு ஆபரேஷன் உண்டா? ஒரு வரி போதும். வெறும் உறையை அனுப்பினால்கூடப் போதும்.

ஊர்மி


ராஜ்கோட்
15 பிப்ரவரி 2023

ஊர்மி,

நீ சோட்டிலாவில் இறங்கித் திரும்பிய அன்று தேவாங் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. ஜனவரி முப்பத்தொன்று, மாலை ஐந்தரை. நேற்று முன்தினம் பதின்மூன்றாம் நாள் முடிந்தது. உன் கடிதத்தை இன்றுதான் பிரித்தேன்.

அம்மாவை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்து கடைசியாக அவனைக் காட்டினார்கள். அவள் அழவில்லை. "கட்டில்ல படுத்துட்டேன்டா" என்று அவனிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னாள். இப்போதும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம். "அவன் கண்ணத் தொறந்தான், நான் கட்டில்ல கெடந்தேன். ராந்தல் மா பாத்துட்டா" என்கிறாள். டாக்டர் மாமா வந்து மூளை, வீக்கம், நரம்பு என்று ஒரு மணி நேரம் விளக்கினார். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். அவர் செருப்பு மாட்டும்போது, "ஆனா கட்டில்ல படுத்தது நான்தானே" என்றாள்.

உன்னைக் கேட்டாள். "ஊர்மி ஏன் வரல? ஒடம்பு கிடம்பு சரியில்லையா அவளுக்கு?" என்று இரண்டு முறை கேட்டாள். வேலை என்றேன். "மெத்தை தெச்சு அனுப்பினாளே, நல்ல பொண்ணு" என்றாள்.

பெஞ்ச் யாருடையது என்று நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லலாம் என்று இரண்டு நாள் யோசித்தேன். பழியில் பாதியாவது அவள் தோளிலிருந்து இறங்காதா என்று பார்த்தேன். இறங்காது. சொன்னால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "ஐயோ பாவம், அவளுக்கு எவ்ளோ கஷ்டமா இருக்கும்" என்பாள். அந்த நிமிஷமே உன்னை மன்னித்துவிட்டு, உனக்குப் போன் போட்டுச் சாப்பிட வரச் சொல்வாள். தன்னை மட்டும் மன்னிக்கமாட்டாள். நீ வந்து எங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவாய். அவள் படுத்தபடி உனக்குப் பரிமாறச் சொல்வாள். நான் பரிமாற வேண்டும்.

அதை என்னால் செய்ய முடியாது, ஊர்மி. நீ கெட்டவள் இல்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் யாருமே கெட்டவர்கள் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரே ஒரு கெட்டவனாவது இருந்திருந்தால் அவனை வெறுத்துக்கொண்டு உன்னோடு பேசிக்கொண்டிருந்திருப்பேன்.

அம்மா உன்னை மன்னிக்காமல் இருக்க ஒரே வழி அவளுக்குத் தெரியாமல் இருப்பதுதான். அதனால் நீ வராதே. எழுதவும் எழுதாதே. உன் கையெழுத்து அவளுக்குத் தெரியும், பிரித்துப் படிக்கச் சொல்வாள்.

கேதகி